பாச்சை உருண்டை இல்லாத பெட்டி

கல்யாணமாகி என் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பித்தளைக் குடம், குத்துவிளக்கு, மிக்ஸி இவற்றோடு ஒரு துணி மூட்டையும் வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தேன். உள்ளே காய்ந்த இலை.

"இன்னாது இது, ஆட்டுக்கு வாங்கியாந்தியா?" என்று கேட்டேன்.

"நொச்சி இலைங்க. பொட்டியில துணிக்கு நடுவுல வெக்கறதுக்கு" என்றாள்.

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் போர்ஷனிலிருந்து என் அக்கா எட்டிப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளும் சிரித்தாள். புதுப்பெண் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மூட்டையை மறுபடி கட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். இல்லை, அதை வைக்க ஈரமில்லாத இடம் தேடப் போயிருக்கிறாள்.

அவள் தென்னேரிக்காரி. ஏரிப் பாசனத்தில் நெல் போடும் குடும்பம். அவர்கள் வீட்டில் விதைநெல்லுக்குள் நொச்சியும் வேப்பிலையும் போட்டுத்தான் வைப்பார்கள். துணிப் பெட்டிக்கும் அதேதான். நாங்கள் சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயில் மதிலிலிருந்து நாலாவது தெருவில் தறி போட்டிருப்பவர்கள். "விதைநெல்லும் பட்டும் ஒண்ணா?" என்று அவளிடம் கேட்டேன். பட்டு விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்று இருக்கும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அவரோடு சண்டைக்குப் போயிருப்பேன். எனக்குக் கொஞ்சம் முன்கோபம். கொஞ்சம் என்பது நான் சொல்வது.

எங்களுக்கெல்லாம் பட்டைக் காப்பது பாச்சை உருண்டைதான். வெள்ளை வெளேரென்று, கோலிக்குண்டு அளவில், கடையில் பாக்கெட்டாகத் தொங்குமே, அதுதான். அக்காவின் இரும்பு பீரோவைத் திறந்தால் அந்த நெடி வாசல்வரை வரும். எனக்கு அது பண்டிகை வாசனை. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். கல்யாண வீட்டுக்குள் நுழைந்தால் மல்லிகைக்கு முன்னால் மூக்கில் ஏறுவது அதுதானே.

அக்கா அதை நம்பியதற்குக் காரணம் இருந்தது. அவள் என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எங்கள் வீட்டில் மூத்த பெண்ணின் கல்யாணத்துக்கு அம்மாவின் கூரைப் புடவையைத்தான் முதலில் உடுத்துவார்கள். அக்காவின் முகூர்த்தத்தன்று காலை பெட்டியிலிருந்து அம்மாவின் புடவையை எடுத்து உதறினார்கள். ராமபாணப் பூச்சி அரித்து அது சல்லடையாகக் கிடந்தது. முந்தியில் கை வைத்தால் விரல் அந்தப் பக்கம் வந்தது. கூடியிருந்தவர்களில் யாரோ அபசகுனம் என்று சொன்னார்கள். இரண்டே வருடத்தில் மாமா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பிள்ளை இல்லாமல் அக்கா திரும்பி வந்தாள். அம்மா அப்பா போன பிறகு என்னை வளர்த்து, தறியில் உட்கார வைத்தது அவள்தான். அந்தப் புடவையைப் பற்றி அவள் பேசியதே இல்லை. ஆனால் அவள் பீரோவில் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் இரண்டு உருண்டை இருக்கும். நெசவாளர்கள் தறியிலிருந்து இறக்கும் புடவைகளை மடித்துக் கொடுப்பதுதான் அவள் தொழில். அதனால் ஊராரின் பட்டும் அந்த பீரோவுக்குள் வந்து போகும்.

என் மனைவியின் கூரைப் புடவையை நானே நெய்தேன். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. உடலும் கரையும் தனித்தனியாக ஓடிக் கோத்துக்கொள்ளும் கோர்வை நெசவுக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து, கரை நாடாவை வாங்கித் திருப்பிவிட்டு எனக்குக் கரை வாங்கியது அக்கா. இன்றுவரை நான் நெய்ததில் அதுதான் உசத்தி. இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் நேரில் வந்து பார்க்கலாம். கல்யாணம் முடிந்ததும் அந்தப் புடவை அக்காவின் பீரோவுக்குப் போனது. இரண்டு வருடம் அங்கேயே இருந்தது.

பிறகு பையன் பிறந்தான்.

பிறந்த குழந்தையைத் தீட்டுக் கழிந்த அன்று தாயின் கூரைப் புடவையில் சுற்றித் தறியிடம் கொண்டுபோய்க் காட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலின்மேல் ஒரு நொடி கிடத்தி எடுப்போம். அன்று காலை அக்காவின் பீரோவிலிருந்து புடவையை எடுத்து வந்தேன். உருண்டைகளைத் தட்டிவிட்டேன். நெடி கண்ணைக் கரித்தது.

என் மனைவி மூக்கைச் சுளித்தாள். "கொழந்தைக்கு ரொம்பக் காரமா இருக்குதுங்க. கொஞ்ச நேரம் வெயில்ல போட்டு எடுக்கலாமா?"

"பட்ட வெயில்ல போடுவாங்களா? கலர் போய்டும்."

"அப்போ நெழல்லயாவது."

"நல்ல நேரம் போய்க்கினு இருக்குது" என்று குரலை உயர்த்தினேன். பச்சை உடம்புக்காரி, வாயை மூடிக்கொண்டாள். பிள்ளையைச் சுற்றினேன். தறியிடம் காட்டினேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதோடு விட்டிருக்கலாம். பட்டின் மென்மையில் அவன் அழாமல் தூங்கியதைப் பார்த்து, புடவையை நாலாக மடித்துத் தொட்டிலில் விரிக்கச் சொன்னதும் நான்தான். மூன்று நாள் அதிலேயே கிடந்தான்.

இரண்டாம் நாளே அவன் நிறம் மாறியது. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். முப்பது மஞ்சளைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லும் கண் என்னுடையது. எலுமிச்சைக்கும் சம்பங்கிக்கும் நடுவில் ஒன்று விட்டுப்போனாலும் சாயக்காரரோடு மல்லுக்கு நிற்பேன். அந்தக் கண்தான் என்னை ஏமாற்றியது. மஞ்சள் பட்டில் கிடக்கிற பிள்ளைமேல் பட்டின் நிறம் ஏறித் தெரிகிறது என்று நினைத்தேன். தறிக்குழியில் உட்காரும்போது என் கைகளும் நெய்கிற பாவின் நிறத்தில்தானே தெரியும். அக்காவைக் கூப்பிட்டு, "பாருக்கா, தங்க விக்ரகம் மாதிரி இருக்கறான்" என்று வேறு காட்டினேன். அவளும் பூரித்துப்போய்த் திருஷ்டி கழித்தாள்.

மூன்றாம் நாள் காலை என் மனைவி பிள்ளையைப் புடவையிலிருந்து எடுத்தாள். வெள்ளைத் துண்டின்மேல் போட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். கண் இமையை விரலால் மெல்ல விலக்கிப் பார்த்தாள். நனைந்த துணியைக் கையில் எடுத்து என்னிடம் நீட்டினாள். டீத்தண்ணி நிறத்தில் இருந்தது.

"இது பொடவ கலர் இல்லீங்க" என்றாள். "ஆட்டோ கூப்டுங்க."

இன்றைக்கும் அந்தக் குரலை நினைத்தால் எனக்கு மரியாதையாக இருக்கிறது. பிள்ளை பெற்றுப் பதினாலு நாள்தான். அழவில்லை, என்னைத் திட்டவில்லை. அந்த நனைந்த துணியைப் பையில் போட்டுக்கொண்டாள். டாக்டருக்குக் காட்ட வேண்டுமாம்.

ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டர் ஒரு நடுவயது அம்மாள். துணியைப் பார்த்தார். பிள்ளையைத் தூக்கினார். பிறகு ஒரு காரியம் செய்தார். அவன் தலையை மோந்து பார்த்தார்.

"வீட்ல பாச்சை உருண்டை போட்ட துணியில படுக்க வெச்சீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் மனைவி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். யார் செய்தது என்பதை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னாள்.

சில குழந்தைகளுக்கு ரத்தத்தின் சிவப்பு அணுக்களைக் காக்கிற ஒரு பொருள் பிறவியிலேயே குறைவாக இருக்குமாம். பெரும்பாலும் ஆண் குழந்தைகள். சாதாரணமாக ஒன்றும் தெரியாது. பாச்சை உருண்டையின் ஆவி உடம்பில் ஏறினால் அணுக்கள் பொலபொலவென்று உடையும். ஒரு நாள் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. பிள்ளையை நீல விளக்கின் கீழ் கிடத்தினார்கள். ரத்தம் ஏற்றினார்கள். ஏழு நாள் நான் அந்த வராந்தாவில் நடந்தேன். மாமாவைக் கொண்டுபோன மஞ்சள் காமாலை என் பிள்ளைக்கு என் கையாலேயே வந்தது என்று நினைக்க நினைக்க, கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பிழைத்துக்கொண்டான். டாக்டர் ஒரு அட்டை எழுதிக் கொடுத்தார். எந்தெந்த மாத்திரை கூடாது, எது ஆகாது என்று ஒரு பட்டியல். பாச்சை உருண்டை ஆயுசுக்கும் கூடாது. "அந்த வாசனை இருக்கற தெருவுல நடந்தாலே ஏதோ ஆயிடும்னு பயப்படாதீங்க. அந்தத் துணி உடம்போட ஒட்டக் கூடாது. அதுல சுத்தக் கூடாது, படுக்க வைக்கக் கூடாது. வாயில போட்டுடாம பாத்துக்கணும்" என்றார்.

என் மனைவி அங்கேயே கேள்வி கேட்க ஆரம்பித்தாள். நொச்சி? பெட்டியில் வைக்கலாம். வசம்பு? பெட்டியில் வைக்கலாம், பிள்ளை வாயில் உரைத்து ஊற்றக் கூடாது. மருதாணி?

"கூடவே கூடாது" என்றார் டாக்டர். "இந்தக் குழந்தைங்களுக்கு அதுவும் ஆகாது."

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்: "பாத்தீங்களா, எலைன்னா எல்லாம் நல்லதுன்னு நானும் நெனச்சிக்கினு இருந்தேன். கேட்டது நல்லதாப் போச்சு." தான் பிறந்த வீட்டு மருந்தையும் சந்தேகப்பட்டுக் கேட்கத் தெரிந்தவள். எனக்கு அந்தக் குணம் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் போர்ஷனில் இருந்த உருண்டை அத்தனையையும் பொறுக்கினாள். சாக்கடையில் வீசவில்லை. பழைய பவுடர் டப்பாவில் போட்டு, மூடிக்கு மேல் டேப் ஒட்டி, குப்பை வண்டி அம்மாவிடம் தனியாகக் கொடுத்து என்னவென்று சொன்னாள். துணியெல்லாம் துவைத்துக் காயப்போட்டாள். குளியலறை ஆசிட், ஃபினாயில், கொசு மருந்து என்று வீட்டிலிருந்த ஒவ்வொரு பாட்டிலையும் திருப்பிப் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தாள். பாதி வெளியே போனது. மீதியை எட்டாத உயரத்தில் வைத்தாள். ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனால் கை கழுவும் தொட்டியில் வெள்ளை உருண்டை கிடக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை இறக்கி விடுவாள்.

எல்லாம் சரி. அக்காதான் சிக்கல்.

அக்காவிடம் பக்குவமாகச் சொல்ல நினைத்தேன். என் வாய்க்குப் பக்குவம் வராது. "உன் பீரோ வெஷம்க்கா" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா பீரோக் கதவை இழுத்துச் சாத்தினாள். பிறகு, "உன்னையும் இந்த வாசனையிலதான்டா வளத்தேன்" என்றாள். "ஊர்ப் பட்டு என் பொறுப்புல இருக்குது. பூச்சி அரிச்சா யாருக்கு பதில் சொல்றது? பீரோ வெஷம்னா அதுல இருக்கற பொடவ வெஷம். அதக் கட்டியிருக்கற நானும் வெஷம்தான்."

அன்றிலிருந்து அவள் எங்கள் வாசற்படியைத் தாண்டவில்லை. அவள் கட்டும் நூல்புடவைகளும் அந்த பீரோவில்தான் இருந்தன. பிள்ளையைத் தொட மாட்டாள். தன் வாசலில் நின்றபடி அவனைப் பார்த்துப் பேசுவாள். அவன் தவழ்ந்தான், நடந்தான். தத்தக்கா பித்தக்கா என்று நேராக அக்காவின் வாசலுக்குத்தான் ஓடுவான். அவள் புடவையைப் பிடிக்கப் போவான். அக்கா இரண்டடி பின்னால் போய்க் கதவுக்குள் நின்றுகொண்டு, "போப்பா, கிட்ட வராத கண்ணு, அங்க போ" என்பாள். அவன் உதட்டைப் பிதுக்குவான். பிள்ளைக்காக ஏங்கிக் கிடந்தவள், கிடைத்த ஒரு பிள்ளையை அப்படித் துரத்த வேண்டியிருந்தது. அதைப் பார்க்கும்போது எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வரும். அழுகையும் வரும்.

"வேணும்னா வேற தெருவுக்குப் போய்டலாம்" என்று ஒருநாள் கத்தினேன்.

"அதெல்லாம் வேணாம்" என்றாள் மனைவி. "அண்ணி மடியில ஒக்காராம இவன் வளரக் கூடாது. அது எனக்குப் புடிக்கல."

ஆவணி மாதம் ஒரு நாள் என் மனைவி அக்காவின் வாசலில் போய் நின்றாள். கையில் அந்த மாம்பழக் கலர் புடவை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அதை அவள் மாதக்கணக்கில் நிழலில் ஆற வைத்திருந்தாள். நெடி போயிருந்தது.

"அண்ணி, மழைக்காலம் வருது. இத நான் பாச்சா உருண்ட இல்லாம வெக்கப் போறேன். தறிக்குழி பக்கத்துல இருக்குதே அந்த மரப்பொட்டி, அதுல. நம்ம வீட்லயே ஈரமான எடம் அதான். தை மாசம் எடுத்துப் பாக்கலாம். பூச்சி அரிச்சிருந்தா நான் இனிமே வாயே தொறக்க மாட்டேன். அரிக்கலன்னா நீங்க பீரோவுல இருந்து உருண்டைய எடுத்துடணும்."

என் வாழ்நாளின் நல்ல புடவை அது. அதைப் பணயம் வைக்க இவள் யார் என்று கேட்க வாயெடுத்தேன். புடவை அவளுடையது என்பது நல்லவேளையாக ஞாபகம் வந்தது.

அக்கா அதை வாங்கித் தடவினாள். அவள் கரை வாங்கிய புடவை. "பைத்தியமா ஒனக்கு? அரிச்சிப் போடும்மா" என்றாள்.

"சாவி ஒங்ககிட்டயே இருக்கட்டும். அமாவாசைக்கு அமாவாசை நீங்களே வந்து தொறந்து, எலைய மாத்தி, மடிப்ப மாத்தி வெச்சிட்டுப் போங்க. நான் வெச்சா எதோ தில்லுமுல்லு பண்ணிட்டன்னு சொல்லுவீங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

முதல் அமாவாசைக்கு அக்கா வந்தபோது என் மனைவி ஒரு நூல்புடவையை நீட்டினாள். துவைத்து வெயிலில் காய்ந்தது. "இதக் கட்டிக்கினு வந்து பொட்டியத் தொடுங்கண்ணி. ஒங்க பொடவையில இருக்கற உருண்ட வாசன இதுல ஒட்டிக்கிச்சின்னா பந்தயம் செல்லாது." அக்கா முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்த் தலைக்குக் குளித்து மாற்றிக்கொண்டு வந்தாள்.

பெட்டிக்குள் போவதற்கு முன் என் மனைவி புடவையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். கல்யாணத்தன்று சிந்திய பாயசத்துளி ஒன்று முந்திக்கு அருகில் இருந்தது. அதை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள். பூச்சி பெரும்பாலும் பட்டுக்காக வருவதில்லை, அதில் இருக்கும் கஞ்சிக்கும் வியர்வைக்கும் தின்பண்டக் கறைக்கும்தான் வருகிறது என்றாள். இருபது வருடம் பட்டு மடித்த அக்கா அதைக் கேட்டு, "அது வாஸ்தவந்தான்" என்றாள். நிழலில் காய்ந்த நொச்சியும், தட்டிப்போட்ட வசம்பும் சின்னச் சின்ன மல்துணி முடிச்சாக உள்ளே போயின. இலை பட்டின்மேல் நேராகப் பட்டால் கறை விழும். புடவையைப் பழைய வெள்ளை வேட்டியில் சுற்றினார்கள். மடிப்பு ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழவேண்டும், இல்லாவிட்டால் ஜரிகை அந்த வரியில் ஒடியும். அது அக்காவின் வித்தை.

வேலை முடிய அரைமணி நேரம். அந்த அரைமணி நேரமும் அக்கா சுத்தமான புடவையில் எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பையன் வந்து அவள் முதுகில் சாய்ந்தான். அக்கா திடுக்கிட்டு என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி முடிச்சுப் போடுவதில் மும்முரமாக இருந்தாள். வேண்டுமென்றே நிமிரவில்லை.

இவள் பந்தயம் கட்டியது புடவைக்காக இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் இரண்டு வருடம் கத்தி எதையும் சாதிக்கவில்லை. இவள் ஒரு நூல்புடவையைக் கொடுத்து அக்காவை உள்ளே கொண்டுவந்துவிட்டாள்.

அமாவாசைக்கு ஒருமுறை என்றது பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆனது. "எல காஞ்சி போயிருக்கும், பாத்துட்டு வரேன்" என்று அக்கா தானே கிளம்பி வருவாள். அந்த நூல்புடவை எங்கள் கொடியிலேயே தொங்கும். ஒருநாள் ஜரிகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என் பீரோவுல இருக்கறதெல்லாம் மங்கிப்போச்சு. இது பளிச்னு இருக்குது" என்றாள். யாரிடமும் சொல்லாததுபோல் சொன்னாள்.

கார்த்திகையில் புயல் மழை பிடித்தது. தறிக்குழிக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பாவைக் காப்பாற்ற நானும் அக்காவும் நாள் முழுக்க இறைத்தோம். என் மனைவி காய்ச்சலில் படுத்திருந்தாள். பெட்டியைத் தூக்கி மேலே அட்டாலியில் வைத்ததோடு சரி. அந்த மாதம் இலையை மாற்றவே இல்லை.

தை பிறந்தது. பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை காலை அக்கா குளித்து, நூல்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்து வீடுகளிலிருந்து நாலைந்து பெண்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். பந்தயம் தெருவுக்கே தெரிந்திருந்தது. அத்தனை பேர் வீட்டிலும் உருண்டை இருந்தது.

அக்கா பெட்டியைத் திறந்து வேட்டியைப் பிரித்தாள். புடவையை மடியில் வைத்து ஒவ்வொரு மடிப்பாக விரித்தாள். உடல் சுத்தம். கரை சுத்தம். ஜரிகை அன்று தறியிலிருந்து இறங்கியதுபோல் இருந்தது. நான் அவள் எதிரில் உட்கார்ந்திருந்தேன். முந்திக்கு வந்தாள்.

முந்தியின் ஓரத்தில், பாயசக் கறை இருந்த இடத்தில், ஒரு ஓட்டை இருந்தது. மிளகு அளவு. பூச்சி கடித்த ஓட்டைதான், சந்தேகமே இல்லை. நெய்தவனின் கண்ணுக்கு அது தப்பாது. மடித்தவளின் கண்ணுக்கும் தப்பாது.

அக்காவின் கை ஒரு நொடி நின்றது. அம்மாவின் புடவையை உதறிய அந்தக் காலை அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். எனக்கு வந்தது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜெயித்துவிடுவாள். தெருவே அவள் பக்கம் நிற்கும். பீரோ அப்படியே இருக்கும்.

அவள் கட்டைவிரலை அந்த ஓட்டையின்மேல் வைத்தாள்.

"இன்னா அண்ணி, எதுனா இருக்குதா?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா" என்றாள் அக்கா. "நல்லாத்தான் இருக்குது." முந்தியை உட்பக்கமாக மடித்தாள். புடவையை வேட்டியில் சுற்றி என் மனைவி கையில் கொடுத்தாள். பிறகு காலியான மடியைத் தட்டிக் காட்டி, "வாடா" என்றாள். அவன் ஓடி வந்து ஏறி உட்கார்ந்தான். இரண்டு கையாலும் அவனைக் கட்டிக்கொண்டு அவன் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான்.

அடுத்த வாரமே அக்கா பீரோவைக் காலி செய்தாள். உருண்டைகள் டப்பாவில் அடைபட்டுப் போயின. பீரோ இரண்டு மாதம் கதவு திறந்தபடி காற்று வாங்கியது. புடவைகளைக் கொடுப்பவர்களிடம், "நம்மகிட்ட உருண்ட கெடையாது. எலதான். மாசத்துக்கு ஒருவாட்டி பிரிச்சி மடிக்கணும், சோம்பல் படாதீங்க" என்று இப்போது அவள்தான் பாடம் எடுக்கிறாள். என் மனைவி தென்னேரியிலிருந்து கொண்டுவந்து நட்ட நொச்சிக் குச்சிகள் வீட்டின் பின்பக்கம் வேலியாக நிற்கின்றன. தெருவில் எல்லோரும் மாறவில்லை. மாறியவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பிள்ளையைத் தயங்காமல் தூக்கிக்கொண்டு போகிறோம்.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. பந்தயம் முடிந்த மறுநாள் நான் மஞ்சள் இழையும் ஊசியும் எடுத்துக்கொண்டு அந்தப் பெட்டியிடம் போனேன். மிளகளவு ஓட்டை, பத்து நிமிட வேலை, யாருக்கும் அடையாளம் தெரியாமல் அடைத்துவிடுவேன். என் மனைவி ஊசியைக் கையிலிருந்து வாங்கிவிட்டாள்.

"ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"மார்கழியிலயே பாத்தேன். அண்ணி பிரிச்சி மடிக்கும்போது எனக்குத் தெரிஞ்சிது. அவங்க புள்ளயப் பாத்துக்கினே மடிச்சாங்க, கவனிக்கல. கார்த்திகையில எல மாத்தாம உட்டதுதான். நானே எல்லார் முன்னாடியும் சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அண்ணி வெரல வெச்சிட்டாங்க."

"சரி, அடைச்சிடறேனே."

"வேணாங்க. அடுத்த மாசம் பொட்டிய அவங்கதான தொறப்பாங்க. அடைச்சி இருந்தா நாம பாத்துட்டோம்னு தெரிஞ்சிடும். பொய் சொல்லிட்டோமேன்னு கூசிப் போய்டுவாங்க."

நான் நெய்ததில் உசத்தியான புடவையில் ஒரு ஓட்டை இருக்கிறது. மாதாமாதம் அக்கா அதை உட்பக்கமாக மடித்து வைக்கிறாள். நாங்கள் இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறோம். பையன் அவள் மடியில் உட்கார்ந்து இலை முடிச்சுகளை எண்ணிக்கொண்டிருப்பான்.